தடியா, மந்திரக்கோலா, ஏடா, கத்தியா? உங்கள் மந்திரவாதிக்கு எது பொருந்தும்

மலேசியாவில், பெஸ்தாரி ஜெயாவில் சனிக்கிழமை இரவுகளில் ஒரு கடைவீட்டு மாடியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை விளையாட்டு அது. பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் ஊரைச் சொல்வார்கள். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். ஆட வருகிறவர்களில் பலர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், சிலர் இன்னமும் அங்கேதான் இருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களில் நிறைய பேர் விஸார்டைத்தான், அதாவது ஏடு படித்து மந்திரம் கற்ற மந்திரவாதியைத்தான் எடுப்பார்கள். எடுத்த கையோடு ஒரே கேள்வி வரும்: "அண்ணே, தடி எடுக்கவா, மந்திரக்கோல் எடுக்கவா? எது ஸ்ட்ராங்?"

கதையை நடத்தும் கேம் மாஸ்டராக உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் என் பதில்: ஸ்ட்ராங் எது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். இங்கே சொல்லும் கணக்கெல்லாம் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளின்படி. அதன் அடிப்படை விதித்தொகுப்பு 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, புத்தகம் வாங்காமலே சரிபார்த்துக்கொள்ளலாம். 2024-ல் வந்த திருத்தம் எங்கே மாறுகிறதோ, அங்கங்கே சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதலில் அடிபலத்தை ஓரம் கட்டிவிடுவோம். தடியால் அடித்தால் ஆறுமுகப் பகடை. விஸார்டுக்கு உடல் வலிமை பெரும்பாலும் 8, அதனால் ஒன்றைக் கழிக்க வேண்டும். சராசரி 2.5 வரும். ஃபயர் போல்ட் என்ற சாதாரண கேன்ட்ரிப்பை (எத்தனை முறையும் விடக்கூடிய சின்ன மந்திரம்) விட்டால் பத்துமுகப் பகடை, சராசரி 5.5. பாத்திரம் வளர்ந்து ஐந்தாம் நிலைக்கு வந்தால் அது 11 ஆகும், பதினோராம் நிலையில் 16.5. இத்தனைக்கும் கேன்ட்ரிப்புக்குச் செலவே கிடையாது. ஆக, மந்திரவாதியின் கையில் இருப்பது பெயருக்குத்தான் ஆயுதம்.

அப்புறம் எதைப் பார்ப்பது? நான் முதலில் பார்ப்பது கை. உங்கள் பாத்திரத்துக்கு இரண்டு கைகள்தான். ஒன்றில் தீப்பந்தம் இருந்தால் மற்றதில் என்ன இருக்கிறது, மந்திரச் சைகை செய்ய எந்தக் கை காலி என்ற கேள்வி ஒவ்வொரு சண்டையிலும் வரும். அடுத்தது இழப்பு. திருடன் கொண்டுபோனால், காவலர்கள் பிடுங்கிக்கொண்டால், ஆற்றில் விழுந்தால் உங்களிடம் என்ன மிஞ்சும்? மூன்றாவது செலவு. வாங்கும் விலை சிறியதுதான், பிறகு வரும் செலவுதான் கடிக்கும். கடைசியாக, அந்தப் பொருளைப் பார்த்தால் மற்றவர்கள் உங்களை யாரென்று நினைப்பார்கள் என்பது. நகரவாசலில் தடி ஊன்றி நிற்பவர் வழிப்போக்கர், நெஞ்சுக்கு நேரே கண்ணாடி உருண்டையைப் பிடித்து நிற்பவர் வழிப்போக்கர் இல்லை.

அடிப்படை விவரங்கள்:

| பொருள் | விலை | எடை | கை |
|---|---|---|---|
| தடி | 5 பொன் | 4 பவுண்டு | ஒன்று |
| மந்திரக்கோல் | 10 பொன் | 1 பவுண்டு | ஒன்று |
| உருண்டை | 20 பொன் | 3 பவுண்டு | ஒன்று |
| பளிங்கு | 10 பொன் | 1 பவுண்டு | ஒன்று |
| மூலப்பொருள் பை | 25 பொன் | 2 பவுண்டு | எடுக்கும்போது மட்டும் |
| மந்திர ஏடு | 50 பொன் | 3 பவுண்டு | படிக்கும்போது மட்டும் |
| குத்துவாள் | 2 பொன் | 1 பவுண்டு | ஒன்று |
| சிறிய கிராஸ்போ (விசை வைத்த வில்) | 25 பொன் | 5 பவுண்டு | எய்ய இரண்டு |

முதல் நான்கையும் விதிகள் மந்திரக் கருவி என்ற ஒரே வகையாகத்தான் பார்க்கின்றன. மந்திரத்துக்குத் தேவையான மூலப்பொருளுக்குப் பதிலாக இவற்றில் ஒன்றைப் பிடித்தால் போதும். ஆனால் விலை குறிப்பிட்ட பொருளுக்கும், மந்திரத்தோடு எரிந்து தீரும் பொருளுக்கும் இது ஈடாகாது. ஐடென்டிஃபை மந்திரத்துக்கு 100 பொன் பெறுமான முத்து வேண்டும் என்றால் வேண்டும்தான், எந்தத் தடியைக் காட்டியும் தப்ப முடியாது.

## தடி

மந்திரக் கருவிகளில் விலை குறைந்தது இதுதான். 2024 விதிகளில் இது மந்திரக் கருவி, சண்டைத்தடி இரண்டுமாகக் கணக்கில் வருகிறது. ஆனால் என்னைக் கேட்டால் அதன் பெரிய பலம் வேறு: அதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. அரண்மனை வாசலில் வாளை வாங்கி வைப்பார்கள், கிழவரின் ஊன்றுகோலைப் பிடுங்கக் கொஞ்சம் கூச்சப்படுவார்கள். அந்தக் கூச்சத்துக்கு எங்கள் மேசையில் நான் எப்போதும் இடம் கொடுப்பேன்.

இன்னொரு காரணம் வளர்ச்சி. பிற்பாடு கிடைக்கும் பெரிய மாயப்பொருள்களில் பலது தடி வடிவத்தில்தான் வரும். ஸ்டாஃப் ஆஃப் ஃபயருக்கு 10 சார்ஜ், அதாவது மந்திரம் விடும்போது செலவாகும் சேமிப்பு. ஸ்டாஃப் ஆஃப் பவருக்கு 20 சார்ஜ், அதோடு தற்காப்புக்கும் தாக்குதலுக்கும் இரண்டிரண்டு கூடும். அதைக் கையாலேயே உடைத்தால் சுற்றிலும் வெடிக்கும். உடைத்தவர் வேறு உலகத்துக்குப் பறந்து தப்ப 50 விழுக்காடு வாய்ப்பு உண்டு, மீதி 50-ல் அநேகமாகக் கதை முடிந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், இப்படிப்பட்ட தடிகள் அட்யூன்மென்ட் கேட்கும். ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று பொருள்களோடுதான் அப்படிப் பிணைந்திருக்க முடியும். அதில் ஒன்று தடிக்குப் போனால் மோதிரமும் மேலங்கியும் காத்திருக்க வேண்டியதுதான். இன்னொன்று, ஆறடித் தடியை மறைத்து வைக்க முடியாது. மாறுவேடம், பூட்டு உடைப்பு, கூட்டத்தில் நழுவுவது என்று போகிற கதையில் தடி ஒரு தொந்தரவு. காடு, மலை, நெடும்பயணம் என்று போகிற கதைக்கு இதைவிட நல்லது இல்லை.

## மந்திரக்கோல்

சட்டைக் கைக்குள் ஒளிந்துகொள்ளும், எடையும் இல்லை. நகரத்துக் கதைகளுக்கும் ஒற்றர் வேலைக்கும் இது சரி.

வெறும் மந்திரக்கோல் ஒன்று, சார்ஜ் ஏறிய மந்திரக்கோல் வேறொன்று. புதியவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். 10 பொன் கொடுத்து வாங்குவது வெறும் பிடிமானம்தான், அதற்குள் எந்த மந்திரமும் இல்லை. வாண்ட் ஆஃப் மேஜிக் மிஸைல்ஸ் போன்றவை சாகசத்தில் கிடைப்பவை. அதில் 7 சார்ஜ் இருக்கும். ஒரு சார்ஜுக்கு மூன்று அம்பு, ஒவ்வொன்றும் நால்முகப் பகடையோடு ஒன்று, மொத்தச் சராசரி 10.5. குறி தப்பவே தப்பாது. அட்யூன்மென்ட்டும் கேட்காது. அதனால்தான் முதல் சில நிலைகளில் இது கிடைத்த மேசையில் சண்டையே வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

விடியும்போது ஆறுமுகப் பகடையோடு ஒன்று என்ற கணக்கில் சார்ஜ் திரும்பி வரும். கடைசிச் சார்ஜையும் செலவழித்தால் இருபதுமுகப் பகடை உருட்ட வேண்டும், 1 விழுந்தால் கோல் சாம்பலாகிவிடும். இருபதில் ஒன்று சின்ன ஆபத்துதான். ஆனால் தினமும் அடிமட்டம் வரை சுரண்டுகிறவருக்கு அந்த ஒன்று எப்படியும் ஒருநாள் வந்து நிற்கும். உயிர் போகிற நேரம் தவிர, ஆறோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விதி மாறினால் கோலின் குணமும் மாறும். மூன்றாம் பதிப்பில் கோலுக்கு 50 சார்ஜ், தீர்ந்தால் தீர்ந்ததுதான். இதே வகை விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பில் நாளுக்கு ஒருமுறை. அதற்கு மேல் வற்புறுத்தினால் கோல் பழுதாகும் அல்லது ஒரேயடியாக அழியும். அதே பாத்ஃபைண்டரின் முதல் பதிப்பில் விஸார்ட் ஒரு பொருளோடு தன்னைப் பிணைத்துக்கொள்ளலாம்: கோல், தடி, மோதிரம், தாயத்து, ஆயுதம், எதுவானாலும். ஏட்டில் இருக்கும் ஏதாவது ஒரு மந்திரத்தை நாளுக்கு ஒருமுறை முன்தயாரிப்பு இல்லாமல் விடலாம் என்பது லாபம். அந்தப் பொருள் கையில் இல்லாத நாளில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் 20-ஓடு மந்திர நிலையையும் கூட்டிய கடினத்தில் கவனச் சோதனை என்பது நட்டம். அந்த விளையாட்டில் கோலோடு பிணைந்தால் அதைத் தொலைக்கவே கூடாது. மோதிரத்தையோ தாயத்தையோ தேர்ந்தெடுத்தவர் நிம்மதியாகத் தூங்குவார்.

## உருண்டையும் பளிங்கும்

விதியில் எந்த லாபமும் இல்லை. உருண்டை விலையும் கூட, எடையும் கூட, கீழே வைத்தால் உருண்டோடும். ஆனால் ஜோசியக்காரர், ஆவியோடு பேசுகிறவர் என்று பாத்திரத்தை அமைத்தவருக்கு இதைத் தவிர வேறு எதுவும் கையில் ஒட்டாது. கணக்குப் பார்ப்பவர் பளிங்கை வாங்கிக் கழுத்தில் தொங்கவிடலாம், தேவைப்படும்போது கையில் பிடித்துக்கொள்ளலாம்.

## மூலப்பொருள் பை

எங்கள் மேசையில் யாரும் விரும்பி எடுக்காத பொருள் இது. நான் விஸார்டாக ஆடினால் முதலில் வாங்குவதும் இதுதான்.

காரணம் கை. ஃபயர் போல்ட்டுக்குச் சைகை வேண்டும், மூலப்பொருள் வேண்டாம். விதியை எழுத்துப்படி படித்தால், மூலப்பொருள் கேட்கும் மந்திரத்துக்குத் தடி பிடித்த கையே சைகையும் செய்யலாம். மூலப்பொருள் கேட்காத மந்திரத்துக்கு அந்தச் சலுகை இல்லை, கை நிஜமாகவே காலியாக இருக்க வேண்டும். ஒரு கையில் தடி, மறு கையில் தீப்பந்தம் என்று குகைக்குள் இறங்கிய விஸார்ட் ஃபயர் போல்ட் விட முடியாமல் நிற்பது இதனால்தான். பை இடுப்பில் தொங்கும், கை காலியாகவே இருக்கும். பல கேம் மாஸ்டர்கள் இதையெல்லாம் கண்டுகொள்வதில்லை. உங்கள் கேம் மாஸ்டர் கண்டுகொள்பவரா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இன்னொரு காரணம் ருசி. ஃபயர்பாலுக்கு வௌவால் எச்சமும் கந்தகமும் வேண்டும் என்று விதிப்புத்தகம் சொல்கிறது. பத்துமலைக் குகைகளில் 19-ஆம் நூற்றாண்டில் காய்கறித் தோட்டங்களுக்கு உரமாக அள்ளியதும் அதே வௌவால் எச்சம்தான். லைட் மந்திரத்துக்கு ஒரு மின்மினிப்பூச்சி போதும். நாங்கள் இருப்பது கோலசிலாங்கூர் பக்கம். கம்போங் குவாந்தானில் ஆற்றோர மரங்களில் மின்மினி அப்பிக்கொண்டு மினுக்குவதைப் படகில் போய்ப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த மந்திரத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. பையைத் திறந்து எதை எடுக்கிறேன் என்று சொல்லச் சொல்ல, வெறும் எண்ணாக இருந்த மந்திரத்துக்கு வாசனை வந்துவிடும்.

குறையும் இருக்கிறது. பையை நனைப்பது, எரிப்பது, அறுத்துக்கொண்டு ஓடுவது எல்லாம் கேம் மாஸ்டருக்குச் சுலபம். 25 பொன் என்பது தொடக்கத்தில் சின்னத் தொகையும் இல்லை. வாயால் வருணிக்கச் சோம்பல்படுகிறவர் பையை எடுத்தால் அது வெறும் பைதான்.

## மந்திர ஏடு

விஸார்டுக்கு ஏடு கட்டாயம். எந்தக் கருவியை எடுத்தாலும் இதுவும் கூடவே இருக்கும். பிறகு ஏன் ஒப்பீட்டில் சேர்க்கிறேன் என்றால், 2024 விதிகளில் ஏட்டையே மந்திரக் கருவியாகப் பிடித்துக்கொள்ளலாம், தனியாகத் தடியோ கோலோ வேண்டாம். ஒரு பொருள் குறைகிறது, பார்க்கவும் கம்பீரம். அதனால் அந்த விதியில் ஆடுகிற புதியவர்கள் ஏட்டோடு நிறுத்திவிடுகிறார்கள்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. வேலை செய்யும் கருவியும் படித்த படிப்பும் ஒரே பொருளில் இருந்தால், அது போகிற அன்றைக்கு எல்லாமே போய்விடும். ஐந்தாம் நிலை விஸார்டின் ஏட்டை எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் ஆறு மந்திரம், பிறகு ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு, ஆக 14. முதல் நிலை மந்திரம் எட்டு, இரண்டாம் நிலை நான்கு, மூன்றாம் நிலை இரண்டு என்று வைத்தால் மந்திர நிலைகளின் கூட்டுத்தொகை 22. தன் ஏட்டையே நகல் எடுக்க ஒரு நிலைக்கு ஒரு மணி நேரம், 10 பொன். அப்படியென்றால் 22 மணி நேரமும் 220 பொன்னும் ஆகும், வெற்று ஏட்டுக்கு 50 பொன் தனி. ஊரில் ஒரு வாரம் ஓய்வு கிடைத்தால் முடித்துவிடலாம்.

நகல் எடுக்காமல் ஏட்டைத் தொலைத்தால்? அன்றைக்குத் தயாராக வைத்திருந்த மந்திரங்களை மட்டும் புதிய ஏட்டில் எழுதிக்கொள்ளலாம், மற்றவை போனது போனதுதான். அவற்றைத் திரும்பவும் எங்காவது தேடிப் பிடித்து, நிலைக்கு இரண்டு மணி நேரம், 50 பொன் என்று கொட்டி எழுத வேண்டும். முதலில் கிடைக்கும் 270 பொன்னை நகலுக்குப் போடுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான். யாரும் கேட்பதில்லை, குதிரை வாங்கப் போய்விடுகிறார்கள்.

ஏட்டைக் கருவியாகப் பிடிப்பது யாருக்கு நல்லது? நகல் ஏற்கெனவே ஊரில் பத்திரமாக இருப்பவருக்கு. நூலகம், கல்விச்சாலை, அரண்மனை என்று தண்ணீரும் தீயும் அதிகம் வராத கதையில் ஆடுகிறவருக்கும்தான்.

## கத்தி, வாள், கிராஸ்போ

1974-ல் வந்த முதல் விதிகளில் மந்திரவாதிக்குக் குத்துவாள் மட்டும்தான். 1978-ல் எறியம்பும் தடியும் சேர்ந்தன. கவண் இரண்டாம் பதிப்பிலும் சிறிய கிராஸ்போ மூன்றாம் பதிப்பிலும் வந்தன. அடிபலத்தை ஓரம் கட்டச் சொன்னேன் அல்லவா, அதற்கு ஒரே விதிவிலக்கு இந்தக் கிராஸ்போ. முதல் நான்கு நிலைகளில் சுறுசுறுப்பு +2 இருந்தால் ஓர் அம்பின் சராசரி 6.5, ஃபயர் போல்ட்டின் 5.5-ஐவிட ஒன்று கூட. அறிவு +3 என்பதால் ஃபயர் போல்ட் கொஞ்சம் அதிகமாகக் குறியில் படும், அதைக் கழித்துப் பார்த்தாலும் கிராஸ்போ ஒரு நூல் முன்னால் நிற்கும். ஐந்தாம் நிலை வந்ததும் கணக்கு தலைகீழாகிவிடும், அன்றைக்கே விற்றுவிடலாம்.

வாளுக்கு ஆசைப்படுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். பிளேட்சிங்கர் என்ற உட்பிரிவு அவர்களுக்காகவே இருக்கிறது. ஆனால் வாளுக்கு உள்ளே ஒளிந்திருக்கும் விலை அதிகம். வாள் இயல்பாக மந்திரக் கருவி ஆகாது, அதனால் பையும் வாங்க வேண்டும். வாளை வீசுகிற தூரத்தில் நின்றால் அடியும் விழும். அடி விழுந்தால் கவனச் சோதனை, பத்து அல்லது அடியில் பாதி, எது பெரியதோ அது. தோற்றால் தாங்கிக்கொண்டிருந்த மந்திரம் அறுந்துவிடும். முன்வரிசையில் வேறு யாருமே இல்லாத சின்னக் குழுவில் ஆடினால் வாள் சரி. ஐந்து பேர் குழுவில் ஏற்கெனவே இரண்டு வீரர்கள் இருந்தால் நீங்களும் போய் அங்கே நெருக்கியடிக்க வேண்டாம்.

குத்துவாள் மட்டும் எல்லோருக்கும். இரண்டு பொன்தான், கட்டிய கயிற்றை அறுக்கும், எறியவும் செய்யலாம். பூட்டிய அறையில் விழித்தெழும் மந்திரவாதிக்குக் காலணிக்குள் இருக்கிற குத்துவாள்தான் கைகொடுக்கும்.

## நம் ஊர் உருவம் கொடுத்தால்

விதியை மாற்றாமல் உருவத்தை மட்டும் மாற்ற எந்தத் தடையும் இல்லை. எங்கள் மேசையில் ஒரு தங்கச்சியின் விஸார்ட் பழைய தோட்டத்துக் கிராணி (கணக்கர்), அவருடைய மந்திர ஏடு செக்ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகம். பேர் கூப்பிட்டால் பூதங்கள் பிரட்டுக்கு, அதாவது காலை வருகைக் கணக்கெடுப்புக்கு வந்து வரிசையில் நிற்கும். இன்னொருவருக்கு உருண்டைக்குப் பதில் ரப்பர் பால் சொட்டும் மங்கு (கிண்ணம்), குத்துவாளுக்குப் பதில் பால்வெட்டுக் கத்தி. செம்பனைக் குலை அறுக்கும் நீண்ட அரிவாளைத் தடியாகக் கேட்ட தம்பிக்கு ஒன்று மட்டும் சொன்னேன்: தடி என்றால் தடியின் ஆறுமுகப் பகடைதான், அரிவாள் என்பதற்காகக் கூட்டித் தர மாட்டேன்.

முருகனின் வேலாயுதத்தை மட்டும் நாங்கள் பொருளாக வைப்பதில்லை. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர்கள் மேசையில் இருக்கிறார்கள். பகடையில் 1 விழுந்து வேல் உடைகிறது என்று நான் சொல்ல நேர்வதை அவர்களும் விரும்பவில்லை, நானும் விரும்பவில்லை. உடுக்கையும் அப்படியே. உங்கள் மேசையில் வேறு மாதிரி முடிவெடுக்கலாம், ஆனால் ஆரம்பிக்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

## கணினியில் ஆடுகிறவர்களுக்கு

மேலே சொன்ன கைக்கணக்கு விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். 2023-ல் வந்த பால்டர்ஸ் கேட் 3 ஐந்தாம் பதிப்பின் மேல் கட்டியதுதான் என்றாலும் மூலப்பொருளையே கேட்பதில்லை, அதனால் அங்கே எது கூடுதல் பலன் தருகிறது என்பதை மட்டும் பார்த்து ஆயுதம் எடுக்கலாம். மந்திரம் எழுதிய சுருளையும் எந்த வகுப்பினரும் படிக்கலாம். 2011-ல் வந்த ஸ்கைரிமில் மந்திரம் வெறுங்கையிலிருந்து கிளம்பும், தடியோ ஆன்மக்கல் போட்டுச் சார்ஜ் ஏற்ற வேண்டிய உபரிக் கருவி. 2022-ன் எல்டன் ரிங்கில் தடி இல்லாமல் சூனியமே இல்லை. அங்கே ஆரம்பத்திலேயே கிடைக்கும் விண்கல் தடி அறிவுக்கு எஸ் என்ற உச்சத் தரத்தில் பலன் தரும், ஆனால் மேம்படுத்தவே முடியாது. அதை முதல் பாதிக்கு வைத்துக்கொண்டு, மேம்படுத்தக்கூடிய ஒரு தடியைப் பக்கத்திலேயே வளர்த்துவருவது நல்லது.

## இன்னும் முடிவு வராதவர்களுக்கு

முதன்முறையாக ஆடுகிறீர்கள், கதை எங்கே போகும் என்று தெரியாது என்றால் தடியும் குத்துவாளும் எடுங்கள், இரண்டும் சேர்ந்து 7 பொன். வருணிக்கப் பிடிக்கும், கேம் மாஸ்டர் கைக்கணக்கில் கறார் என்றால் பையை எடுங்கள். நகரத்துக் கதை என்று முன்பே சொல்லிவிட்டார்கள் என்றால் மந்திரக்கோல். எதை எடுத்தாலும் முதல் நிலையில் கிராஸ்போவுக்கு 25 பொன் ஒதுக்க முடியுமா பாருங்கள், முடியாவிட்டால் ஒன்றும் குடி முழுகாது.

ஆட உட்காரும் முன் கேம் மாஸ்டரிடம் மூன்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: விதி 2014-ஆ 2024-ஆ, கைக்கணக்கு பார்ப்பீர்களா, ஏடு திருடுபோகுமா. மூன்றாவதுக்கு அவர் பதில் சொல்லாமல் சிரித்தால், குதிரையை மறந்துவிட்டு நகலுக்குப் பணம் சேர்க்க ஆரம்பியுங்கள்.